ஆர்சனல் வீரர் டு நிதியமைச்சர்: யார் இந்த ஆல்பர்ட் குட்முண்ட்சன்?

2016 யூரோ கோப்பையில் இங்கிலாந்தை 2-1 என வீழ்த்தி வெளியேற்றிய ஐஸ்லாந்து அணியை ஞாபகம் இருக்கா? அப்போது அந்த நாட்டின் மக்கள்தொகையே சுமார் 3.3 லட்சம்தான். மேட்ச் நடந்தது பிரான்ஸின் நீஸ் நகரத்தில். அதே ஊர் கிளப்புக்காக 60 வருஷங்களுக்கு முன்பே ஓர் ஐஸ்லாந்துக்காரர் ஆடியிருக்கிறார். அவர்தான் ஆல்பர்ட் குட்முண்ட்சன், அந்த நாட்டின் முதல் தொழில்முறை கால்பந்து வீரர்.

படிக்கப் போனவர்

1923-ல் தலைநகர் ரெய்க்யவிக்கில் பிறந்தவர். உள்ளூர் கிளப்பான வாலூரில் ஆடினார். ஆனா ஐஸ்லாந்தில் அப்போது கால்பந்து ஆடிச் சம்பாதிக்க வழியே இல்லை. 1944-ல் படிப்புக்காக கிளாஸ்கோ போனவர், அங்கே ரேஞ்சர்ஸ் அணியில் இடம்பிடித்தார். அடுத்து ஆர்சனல். 2 லீக் மேட்ச் ஆடியதோடு சரி; பிரிட்டனில் வேலை அனுமதி கிடைக்கலை. பிரான்ஸுக்குக் கிளம்பினார். நான்சி, இத்தாலியின் ஏசி மிலன், மறுபடி பிரான்ஸில் ரேசிங் பாரிஸ், கடைசியாக நீஸ்.

நாட்டுக்காக எத்தனை மேட்ச்?

வெறும் 6. அடித்தது 2 கோல். ஐஸ்லாந்து தன் முதல் சர்வதேசப் போட்டியை ஆடியதே 1946-ல்தான். அதன்பிறகும் வருஷத்துக்கு ஓரிரு மேட்ச் கிடைத்தாலே பெரிய விஷயம். அவரோ கடல் தாண்டி இருந்தார். ஆட்டத்தில் வளர ஊரை விட்டுப் போகணும். போனால் ஊருக்காக ஆட முடியாது. குட்டி நாட்டு வீரரின் நிலைமை இதுதான்.

1967-ல் டென்மார்க்கிடம் 14-2 எனத் தோற்றது ஐஸ்லாந்து. அடுத்த வருஷம் நாட்டின் கால்பந்து சங்கத் தலைவரானார் ஆல்பர்ட். 1973 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

அரசியல் இன்னிங்ஸ்

1974-ல் எம்.பி. 1980 அதிபர் தேர்தலில் மூன்றாம் இடம். 1983-ல் நிதியமைச்சர். ரெய்க்யவிக்கில் அப்போ நாய் வளர்க்கத் தடை. நிதியமைச்சர் வீட்டிலேயே லூசி என்ற நாய்! புகார் போனது. நாயைக் கைவிடுவதற்குப் பதில் நாட்டை விட்டே போவேன் என்று பிடிவாதமாக நின்றார். அந்தத் தடை பின்னர் தளர்ந்தது.

1987-ல் வரி விவகாரத்தில் அமைச்சர் பதவியை விட்டவர், புதுக் கட்சி தொடங்கி அதே வருஷம் 7 இடங்களைப் பிடித்தார். பிறகு பிரான்ஸுக்கான தூதர். 1994-ல் காலமானார்.

அதே பெயர், அடுத்த ஆட்டம்

2016 யூரோவில் தொண்டை கிழியக் கத்தி வைரலான வர்ணனையாளர் குட்முண்டுர் பெனடிக்ட்சன், ஆல்பர்ட்டின் பேத்தி கணவர். அவர்கள் மகன் பெயரும் ஆல்பர்ட் குட்முண்ட்சன்! ஐஸ்லாந்தில் பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரோடு 'சன்' சேர்த்துக்கொள்வார்கள். அப்படி அமைந்த பெயர் இது.

இந்த ஆல்பர்ட்டும் வெளிநாட்டு கிளப்புகளில்தான் ஆடுகிறார். ஆனா நாட்டு அணியின் மேட்ச்களை இழக்க வேண்டிய நிலை இப்போ இல்லை. 2024 மார்ச்சில் இஸ்ரேலுக்கு எதிராக ஒரே மேட்ச்சில் 3 கோல் அடித்தார். கொள்ளுத்தாத்தா நாட்டுக்காக அடித்த மொத்தக் கோல்களைவிட ஒன்று அதிகம்.