ஓவியமும் ஓவியப் பள்ளியும்: நார்வேயின் ஹாரியட் பாக்கர் வாழ்க்கை

பாரிஸ் நகரின் ஓர்சே அருங்காட்சியகம் 2024-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒரு நார்வே பெண் ஓவியருக்குத் தனிக் கண்காட்சி நடத்தியது. ஹாரியட் பாக்கர் என்ற அவர் அதே நகரில் பத்தாண்டுகள் தங்கிப் பயின்றவர். தாயகத்தில் பெரும் புகழ் பெற்றிருந்தும், ஐரோப்பாவின் பிற பகுதிகளில் அவரது பெயர் நீண்ட காலம் அதிகம் பேசப்படவில்லை.

1845 ஜனவரி 21 அன்று, தெற்கு நார்வேயின் ஹோல்மெஸ்ட்ரான் என்ற கடற்கரைச் சிற்றூரில் வசதியான குடும்பமொன்றில் அவர் பிறந்தார். அப்போது நார்வே, சுவீடன் மன்னரின் ஆட்சியில் அந்நாட்டுடன் இணைந்திருந்தது. அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது குடும்பம் இன்றைய ஓஸ்லோவான கிறிஸ்டியானியாவில் குடியேற, ஓவியப் பயிற்சி அங்குத் தொடங்கியது. தங்கை அகாத்தே பியானோ கலைஞராகவும் இசையமைப்பாளராகவும் புகழ் பெற்றவர். இசை கற்க அவர் வெளிநாடு சென்றபோது அக்காள் துணையாகச் சென்றார். தங்கை பியானோ முன் அமர்ந்திருந்த நேரத்தில், அக்காள் அருங்காட்சியகங்களில் பழைய மேதைகளின் ஓவியங்களைப் பார்த்துப் படியெடுத்துக் கொண்டிருந்தார்.

முறையான கல்விக்கு வழி அவ்வளவு எளிதாக இல்லை. 1874-இல் அவர் முனிக் சென்றபோது அந்நகரின் கலைக் கழகம் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பாரிசின் அரசு நுண்கலைப் பள்ளியும் 1897 வரை பெண்களுக்குக் கதவு திறக்கவில்லை. எனவே முனிக்கில் நான்கு ஆண்டுகள் தனி ஆசிரியர்களிடம் கற்றார். 1878-இல் பாரிசுக்குச் சென்று, பெண்களுக்கென நடந்த தனியார் ஓவியக்கூடம் ஒன்றில் சேர்ந்தார். லியோன் பொன்னா, ஜெரோம் போன்ற புகழ்பெற்ற ஓவியர்கள் அங்கு வந்து மாணவியரின் படைப்புகளைத் திருத்தினர். நெருங்கிய தோழியான நிலக்காட்சி ஓவியர் கிட்டி ஷெலான் பாரிசிலும் உடனிருந்தார். 1880-இல் பாரிசின் சலோன் கண்காட்சியில் அவரது 'தனிமை' என்ற ஓவியம் பாராட்டுக் குறிப்பைப் பெற்றது. அப்போது அவருக்கு வயது 35.

1883-இல் வரைந்த 'நீல அறை' அவரது பெயரை நிலைநிறுத்தியது. சன்னலோரம் ஒரு பெண் அமர்ந்து தையலில் மூழ்கியிருக்கிறார், அவ்வளவுதான் காட்சி. ஆனால் சன்னல் வழியே வரும் பகலொளி அறையின் பொருள்கள்மீது படிந்து, நீலத்தின் பல சாயல்களாகப் பிரிந்து நிற்கிறது. வெளியின் வெளிச்சத்தைத் தேடி ஓவியர் பலர் வயல்களுக்கும் ஆற்றங்கரைகளுக்கும் சென்ற காலத்தில், பாக்கர் அதை வீட்டுக்குள்ளேயே கண்டார்.

1880-களின் இறுதியில் நாடு திரும்பிய அவர், தலைநகருக்கு அருகே சான்விகாவில் குடியேறினார். அப்பகுதியின் தானும் தேவாலயத்தில் பிறந்ததே 1892-ஆம் ஆண்டின் 'தானும் தேவாலயத்தில் ஞானஸ்நானம்'. பார்வையாளர் இருண்ட ஆலயத்துக்குள் நிற்கிறார். திறந்த கதவுக்கு அப்பால் வெயில். குழந்தையை ஏந்தி வருகிறார்கள். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கும் இவ்வோவியம் சென்றது.

புகழ் வந்தது, பணம் வரவில்லை. திருமணம் செய்துகொள்ளாத பாக்கர் தம் உழைப்பையே நம்பியிருந்தார். அவரோ மிக மெதுவாக வரைபவர். நினைவிலிருந்து வரையாமல், காட்சியின் முன்னிலையிலேயே அமர்ந்து, அதே ஒளி மீண்டும் வரும்வரை காத்திருந்து தூரிகையை எடுப்பார். வாழ்நாள் முழுவதிலும் அவர் முடித்தவை ஏறத்தாழ 180 ஓவியங்களே. அதே நாட்டின் எட்வர்ட் மங்க் ஓஸ்லோ நகருக்கு விட்டுச்சென்ற ஓவியங்கள் மட்டுமே ஆயிரத்துக்கும் மேல்.

ஓவியப் பள்ளியே அவருக்கு வாழ்வாதாரம் தந்தது. 1890-களின் தொடக்கத்திலிருந்து 1912 வரை கிறிஸ்டியானியாவில் அதை நடத்தினார். ஆண்களும் பெண்களும் அங்கு பயின்றனர். பெண் என்பதால் கலைக் கழகங்களுக்கு வெளியே நின்று கற்றவரிடம், அடுத்த தலைமுறை ஆண் ஓவியர்கள் பாடம் கேட்டனர். மேற்கு நார்வேயின் யோல்ஸ்டர் கிராமத்திலிருந்து வந்த பாதிரியார் மகன் நிகோலாய் அஸ்ட்ரூப் அவர்களுள் ஒருவர். தம் ஊரின் மலைகளையும் கோடைக்கால நெருப்பு விழாக்களையும் வரைந்து பின்னாளில் நார்வேயின் முன்னணி ஓவியரானார். ஹென்ரிக் லுண்ட், ஹெல்கா ரிங் ரோய்ஷ் ஆகியோரும் அவரிடம் பயின்றனர்.

கற்பித்தலுக்கு அவர் கொடுத்த விலை நேரம். ஆண்டின் பெரும்பகுதி பள்ளியில் கழிய, சொந்த ஓவியத்துக்குப் பெரிதும் கோடைக்காலமே எஞ்சியது. அக்கோடைகளில் கிராமத்துத் தேவாலயங்களை நாடிச் சென்றார். சுவரெல்லாம் வண்ண அலங்காரம் கொண்ட ஊவ்தால் என்ற பழைய மரத் தேவாலயத்தின் உட்புறத்தை வரைந்து 1909-இல்தான் முடித்தார். அவ்வோவியம் இன்று பேர்கன் நகரில் உள்ளது. 180 என்ற எண்ணிக்கையைப் பார்ப்பவர்கள் இந்தக் கோடைகளையும் சேர்த்துக் கணக்கிடுவதே நியாயம்.

அரசு அமைப்புகளிலும் அவருக்கு இடம் கிடைத்தது. நாட்டின் தேசிய ஓவியக்கூடம் எந்தப் படைப்புகளை வாங்கலாம் என முடிவுசெய்த குழுவில் 1898 முதல் இருபது ஆண்டுகள் உறுப்பினராக இருந்தார். 1908-இல் மன்னரின் தங்கப் பதக்கமும், 1925-இல் புனித ஓலாவ் விருதும் வழங்கப்பட்டன.

பள்ளியை மூடியபோது அவருக்கு வயது 67. அதன் பின்னரும் இருபது ஆண்டுகள் வாழ்ந்த அவர், முதுமையில் மேசைமேல் வைத்த பொருள்களைப் பெரிதும் வரைந்தார். 1932 மார்ச் 25 அன்று ஓஸ்லோவில் தமது 87-ஆம் வயதில் காலமானார். 'நீல அறை'யும் 'ஞானஸ்நான'மும் அந்நகரின் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன.