மூன்று தீபாவளி கண்ட குரல்

சென்ற குளிர்காலத்தில் ஓர் இரவு. தில்லிப் பனி, சன்னலுக்கு வெளியே வெள்ளைச் சுவர்போல் நின்றது. விடுதியில் என் அறையில் உடனுறையும் பஞ்சாபி நண்பன் ஓர் இசைத்தட்டைச் சுழலவிட்டான். 1972ஆம் ஆண்டில் டேவிட் போவி என்ற ஆங்கிலப் பாடகர் வெளியிட்டது அது. ஸிக்கி ஸ்டார்டஸ்ட் என்னும் கற்பனைப் பாடகன் ஒருவன் புகழின் உச்சியில் ஏறுகிறான், பின்னர் வீழ்கிறான். தட்டு முழுவதும் அந்த ஒரு கதையே இழையோடுகிறது. பளபளக்கும் உடையும் சாயமிட்ட தலைமுடியுமாக அப்பாடகர் மேடையில் தோன்றினாராம். உங்கள் மொழியில் இப்படி ஏதாவது உண்டா என்று நண்பன் கேட்டான்.

சற்றுத் திகைத்தேன். பிறகு என் பாட்டனார் நினைவுக்கு வந்தார். அவர் இளமையில் வளர்த்த பாகவதர் கிராப்பும் நினைவுக்கு வந்தது. உண்டு என்றேன். ஆனால் அந்த ஏற்றமும் வீழ்ச்சியும் எங்கள் நாட்டில் கற்பனையாக நிற்கவில்லை. ஒரு மனிதர் அதை வாழ்ந்தே காட்டினார் என்றேன். அவர்தாம் எம். கே. தியாகராஜ பாகவதர்.

மாயவரத்தில் 1910ஆம் ஆண்டு பொற்கொல்லர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் அவர். குடும்பம் திருச்சிக்குக் குடிபெயர்ந்தது. பையனுக்குப் படிப்பில் நாட்டமில்லை, பாட்டில்தான் பித்து. திருச்சியில் ரயில்வே அதிகாரியாக இருந்த எப். ஜி. நடேச ஐயர் நாடகக் கலையில் பேரார்வம் கொண்டவர். சிறுவனின் குரலைக் கேட்டார். அரிச்சந்திர நாடகத்தில் லோகிதாசனாக மேடையேற்றினார். மதுரை பொன்னு ஐயங்காரிடம் முறையான சங்கீதப் பயிற்சியும் வாய்த்தது. ஒலிபெருக்கி பரவாத நாள் அது. கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவன் காதிலும் விழ வேண்டுமானால் குரல்தான் துணை. அக்குரல் அங்கே உரம் பெற்றது.

பவளக்கொடி நாடகம் 1934இல் திரைப்படமாயிற்று. பாகவதர் திரைக்கு வந்தார். 1937இல் வந்த சிந்தாமணி அவரை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. அம்பிகாபதி, திருநீலகண்டர், அசோக் குமார், சிவகவி எனப் படங்கள் தொடர்ந்தன. பாபநாசம் சிவன் பாட்டெழுத, பாகவதர் பாட, கர்நாடக இசையை அறியாதவனும் ராகத்தை முணுமுணுத்துக்கொண்டு வண்டி ஓட்டினான். அவருடைய பட்டுச் சட்டையும் வைரக் கடுக்கனும் தோளில் புரளும் தலைமுடியும் அக்காலத்து இளைஞர்க்கு இலக்கணமாயின.

1944ஆம் ஆண்டு தீபாவளிக்கு வந்தது ஹரிதாஸ். சுந்தர்ராவ் நட்கர்ணி இயக்கிய படம். பாபநாசம் சிவனும் ஜி. ராமநாதனும் இசைப் பொறுப்பேற்றனர். இப்படத்தின் பாட்டுகளைத் தனித்தனியே கேட்டால் இனிமை தெரியும். வரிசையாகக் கேட்டால் ஒரு வாழ்க்கை தெரியும். குதிரை மேல் வரும் செல்வச் சீமானின் உல்லாசத்தில் தொடங்குகிறது. சாருகேசி ராகத்தில் அமைந்த மன்மதப் பாட்டில் அவன் மயக்கம் உச்சம் அடைகிறது. பெற்றோரைப் புறக்கணிக்கிறான், பொருளை இழக்கிறான், கால்களையும் இழக்கிறான். பிறகு வருவது தாய் தந்தையரின் அருமையை உணர்ந்தவன் பாடும் பாட்டு. அங்கே அதே குரல் எவ்வளவு தணிந்து ஒலிக்கிறது! செருக்கு எப்படிப் பாடும், கழிவிரக்கம் எப்படிப் பாடும் என்பதை ஒரே தொண்டையில் கேட்கிறோம்.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். படம் வெளியான மறு மாதமே, நவம்பரில், பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். டிசம்பரில் பாகவதர் கைதானார், கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் கைதானார். 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மனிதர் சிறைக்குள் இருந்தார். அவர் உருவமோ சென்னை பிராட்வே அரங்கில் குதிரையேறிப் பாடிக்கொண்டே இருந்தது! 1944, 1945, 1946 என மூன்று தீபாவளிகளை அப்படம் அங்கே கண்டது. திரையில் அவர் வீழ்ந்து எழுவதைக் கண்டு கண்ணீர் விட்ட மக்கள், வெளியே வந்ததும் அவர் எப்போது எழுவார் என்று ஏங்கியிருப்பர் அல்லவா?

சட்டம் பயிலும் மாணவன் என்ற முறையில் இவ்வழக்கு என்னைப் பெரிதும் ஈர்க்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் முதலில் தண்டனையை உறுதி செய்தது. அன்று நமக்கு மேலே இருந்தது லண்டன் பிரிவி கவுன்சில். அது மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. 1947 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் இருவரையும் குற்றமற்றவர்கள் என விடுவித்தது. ஏறத்தாழ முப்பது மாதங்கள் சிறையில் கழிந்துவிட்டன. இன்று அத்தகைய இறுதி முறையீடு நம் தில்லித் திலக் மார்க்கில் உள்ள உச்ச நீதிமன்றத்துக்கு வருகிறது. அவ்வழியே செல்லும்போதெல்லாம் ஒரு கேள்வி என்னைக் குடைகிறது. நீதி விடுதலையைத் திருப்பித் தரலாம். போன பொழுதைத் தருமா?

தரவில்லை. வெளியே வந்த பாகவதரை வேறொரு காலம் எதிர்கொண்டது. ராஜமுக்தியும் அமரகவியும் பழைய வெற்றியைப் பெறவில்லை. பாட்டின் இடத்தை வசனம் பிடித்துக்கொண்டது. நோயும் சேர்ந்தது. 1959 நவம்பர் 1ஆம் நாள், ஐம்பதை எட்டுமுன், சென்னையில் மறைந்தார். நடித்த படங்கள் பதினான்கே. கடைசிப் படமாகிய சிவகாமி அவர் மறைந்த பின்னரே வெளிவந்தது. 2023இல் திருச்சியில் அரசு அவருக்கு மணிமண்டபம் திறந்தது.

இத்தனையும் சொல்லி முடித்தபின், நண்பனுக்கு அந்தக் கழிவிரக்கப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். அவனுக்கு மொழி தெரியாது. ஆயினும் பேசாமல் கேட்டான். முடிந்ததும், உன் தந்தையோடு கடைசியாக எப்போது பேசினாய் என்று கேட்டான். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. தேர்வு, கூட்டம், நண்பர்கள் என்று மூன்று வாரம் ஓடியிருந்தது.

அன்றிரவே ஊருக்குத் தொலைபேசினேன். பாகவதர் பாட்டுக் கேட்டேன் என்று மட்டும் சொன்னேன். தந்தையார் சிறிது நேரம் மௌனமாயிருந்தார்; பிறகு இருமலுக்கிடையே அதே பாட்டின் முதலடியைப் பாடினார். சுருதி சேரவில்லை. எனினும் அதற்கு ஈடான கச்சேரியை நான் கேட்டதில்லை.

பட்டும் வைரமும் போயின. பிராட்வே அரங்கும் பழங்கதையாயிற்று. எண்பது ஆண்டு கடந்த குரல் மட்டும் இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வாழும் ஒரு மாணவனை வீட்டுக்குப் பேச வைக்கிறது. தோழர்களே, பெட்டி படுக்கையுடன் தலைநகர் வந்துவிட்ட நாம் ஒவ்வொருவரும் ஓரளவு ஹரிதாஸ்தான். இந்த வாரம் அப்பாட்டை ஒருமுறை கேளுங்கள். கேட்டபின் செய்ய வேண்டியதை நான் சொல்ல வேண்டியதில்லை.