வித்தியாசம் இரண்டு

கணிதமேதை என்றதும் எம் மாணவியர் இராமானுஜனையே சொல்வார்கள். நான் எழுத விரும்புவது அவருக்குப் பின் வந்த எஸ். எஸ். பிள்ளையைப் பற்றி. எண் கோட்பாடு கற்போர் உலகெங்கும் அறிந்த தமிழர் அவர்.

குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901 ஏப்ரல் 5ஆம் திகதி பிறந்தவர். ஒரு வயதளவில் தாயை இழந்தார். செங்கோட்டையில் பள்ளி இறுதி வகுப்பிலிருந்தபோது தந்தையும் மறைந்தார். படிப்பு அத்தோடு நின்றிருக்கும். சாஸ்திரியார் என்ற ஆசிரியர் தமது சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுத்துப் படிக்க வைத்தார். தாய் தந்தையை இழந்த பிள்ளைகள் பலர் படிக்கும் எம் வன்னியில், பிள்ளையின் பெயரோடு அந்த ஆசிரியரின் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பேன்.

நாகர்கோவில், திருவனந்தபுரம், சென்னை என்று படித்து, 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார்.

11, 13, 17, 19, 29, 31 என வித்தியாசம் இரண்டாக வரும் சோடிகளை இரட்டை முதன்மை எண்கள் என்கிறோம். இவை முடிவின்றித் தொடருமா? இன்றுவரை எவரும் நிறுவவில்லை. வித்தியாசம் 246ஐ விஞ்சாத முதன்மைச் சோடிகள் முடிவின்றி உண்டு என்பது வரை வந்துவிட்டார்கள். இரண்டுக்கு இறங்க முடியவில்லை.

பிள்ளை கேட்டது இதற்கு எதிர்ப்புறமான கேள்வி. 4, 8, 9, 16, 25, 27, 32 என வர்க்கம், கனம் முதலான வலு எண்களை வரிசையாக எழுதுங்கள். 25க்கும் 27க்கும் வித்தியாசம் இரண்டு. இப்படி இன்னொரு சோடி உண்டா? தேடியவர் எவருக்கும் கிடைக்கவில்லை. எந்த வித்தியாசத்தை எடுத்தாலும் அதற்குரிய சோடிகள் ஓரிடத்தில் முடிந்துவிடும் என்பது பிள்ளையின் ஊகம். வித்தியாசம் ஒன்றுக்கு 8, 9 மட்டுமே என்று ருமேனியரான மிஹைலெஸ்கு 2002இல் நிறுவினார். இரண்டுக்கு இன்னும் நிறுவல் இல்லை. ஒரு வரிசை முடியாது என்று நம்புகிறோம், மற்றது முடியும் என்று நம்புகிறோம். இரண்டுமே கைக்கு எட்டவில்லை!

பென்சிலோடு அமர்ந்து பார்க்கக்கூடியதையும் அவர் தந்திருக்கிறார். பதினாறுக்கு மேற்படாத அடுத்தடுத்த எண்களை எடுத்தால், அவற்றில் ஒன்றாவது மற்றவை எதனோடும் 1 தவிர்ந்த பொதுக் காரணி இல்லாமல் நிற்கும். பதினேழில் அது தவறலாம். 2184 முதல் 2200 வரை சோதித்துப் பாருங்கள்.

1950இல் பிரின்ஸ்டனில் ஓராண்டு ஆய்வு செய்ய அழைப்பு வந்தது. ஆகஸ்ட் 31ஆம் திகதி அவர் சென்ற விமானம் எகிப்தில் விழுந்து, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். அவருக்கு வயது 49. அவர் கலந்துகொள்ளவிருந்த உலகக் கணித மாநாடு அமெரிக்காவில் முந்திய நாள்தான் தொடங்கியிருந்தது.