பழைய ஹிட் பாடல்களை 50 வயதில் மீண்டும் பாடிய ராக் பாடகர்: யார் இந்த ராய் ஆர்பிசன்?

ஒரு பாடகரின் சூப்பர் ஹிட் பாடல்களைத் திரட்டி ஆல்பம் போடுவது இசை உலகில் வழக்கமான வியாபாரம்தான். பழைய பதிவுகளை எடுத்து, புது அட்டை போட்டு விற்பார்கள். பாடகருக்குப் பெரிதாக வேலை இருக்காது. ஆனால் அமெரிக்க ராக் பாடகர் ராய் ஆர்பிசன் 1987-ல் வெளியிட்ட 'இன் ட்ரீம்ஸ்: தி கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' அப்படிப்பட்டது இல்லை. அதில் இருந்த 19 பாடல்களையும் அவர் முதலிலிருந்து மறுபடியும் பாடினார். ஏன்? அதற்கு அவரது கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எண்ணெய் ஊரிலிருந்து வந்த பையன்

1936 ஏப்ரல் 23-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர் ராய். வளர்ந்தது விங்க் என்ற சின்ன ஊர். அப்பா எண்ணெய் வயலில் வேலை பார்த்தவர். ஆறு வயதில் அப்பா கொடுத்த கிதார்தான் பையனின் உலகம். சின்ன வயதிலேயே கண்பார்வை மோசம். தடிமனான கண்ணாடி இல்லாமல் எதுவும் தெரியாது.

1956-ல் மெம்ஃபிஸ் நகரில் இருந்த சன் ரெக்கார்ட்ஸ் அவரது 'ஊபி டூபி' பாடலை வெளியிட்டது. எல்விஸ் பிரெஸ்லியை அறிமுகப்படுத்திய அதே கம்பெனி. ஆனால் எல்விஸ் போல ஆட்டம் போடுவது ராய்க்கு வரவே இல்லை. மனைவி கிளாடெட் பெயரிலேயே அவர் எழுதிய பாட்டை எவர்லி பிரதர்ஸ் பாடி 1958-ல் வெளியிட்டார்கள்.

திருப்பம் வந்தது 1960-ல். மானுமென்ட் என்ற கம்பெனிக்காக அவர் பாடிய 'ஒன்லி தி லோன்லி' அமெரிக்காவில் 2-ம் இடம், பிரிட்டனில் முதலிடம். 1961-ல் 'ரன்னிங் ஸ்கேர்டு' அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. மெல்லத் தொடங்கி, படிப்படியாக ஏறி, கடைசி உச்ச ஸ்வரத்தில் போய் நிற்கும் பாட்டு அது. அந்த உச்சத்தைக் கள்ளக் குரலில் தொடாமல் முழுத் தொண்டையில் பாடினார். மேடையிலோ அசையாமல் ஒரே இடத்தில் நிற்பார். அவ்வளவுதான், குரல் மட்டுமே வேலை செய்யும்.

1963-ல் பீட்டில்ஸ் குழுவோடு பிரிட்டன் முழுக்கச் சுற்றினார். வழக்கமான கண்ணாடியை விமானத்தில் மறந்துவிட்டதால் பவர் உள்ள கறுப்புக் கண்ணாடியோடு மேடை ஏறினார் என்று சொல்வார்கள். பிறகு அதுவே அவரது அடையாளம் ஆகிவிட்டது. 1964-ல் 'ஓ, பிரிட்டி வுமன்' வந்தது. கிளாடெட் கடைக்குக் கிளம்பிய நேரத்தில் பிறந்த பாட்டு அது. அமெரிக்கா, பிரிட்டன் இரண்டிலுமே முதலிடம்.

இரண்டே ஆண்டுகளில் எல்லாம் போனது

1965-ல் அதிகப் பணம் கிடைக்கும் என்று எம்ஜிஎம் கம்பெனிக்கு மாறினார். ஹிட் குறைந்தது. இடையில் விவாகரத்து ஆகி, மறுபடியும் கிளாடெட்டையே திருமணம் செய்துகொண்டார். ஆனால் 1966 ஜூனில், அவரோடு பைக்கில் போய்க்கொண்டிருந்தபோது கிளாடெட் டிரக்கில் மோதி இறந்துபோனார்.

1968 செப்டம்பர். ராய் இங்கிலாந்தில் கச்சேரி செய்துகொண்டிருந்தபோது, டென்னசியில் இருந்த அவரது வீடு தீப்பிடித்தது. மூத்த மகன்கள் இருவரும் அதில் இறந்துவிட்டார்கள். கடைசி மகன் மட்டும் தப்பினான். வீடு இருந்த மனையைப் பக்கத்து வீட்டுக்காரரான பாடகர் ஜானி கேஷ் வாங்கிக்கொண்டார்.

1969-ல் பார்பரா என்ற ஜெர்மானியப் பெண்ணை மணந்தார். 1978-ல் இதய அறுவை சிகிச்சை. அந்தக் காலம் முழுக்க அவரது பாட்டு ஓடியது, ஆனால் மற்றவர்கள் குரலில். 'புளூ பேயூ'வை லிண்டா ரான்ஸ்டட் பாடினார், 'கிரையிங்'கை டான் மெக்லீன் பாடினார், 'பிரிட்டி வுமன்'-ஐ வான் ஹேலன் குழு பாடியது. எல்லாமே ஹிட்.

சொந்தப் பாட்டையே ஏன் திரும்பப் பாடணும்?

ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. வரிகளும் மெட்டும் ஒன்று. அது எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் உரியது. ஒலிப்பதிவு இன்னொன்று. பொதுவாக அது செலவு செய்து பதிந்த கம்பெனிக்குப் போய்விடும். ராயின் பொற்காலப் பதிவுகள் அப்படித்தான் மானுமென்ட்டின் சொத்தாக இருந்தன. பழைய டேப்பைத் தொட முடியாது, ஆனால் புதிதாகப் பாடலாம். பல ஆண்டுகள் கழித்து டெய்லர் ஸ்விஃப்ட் தன் பழைய ஆல்பங்களை மறுபடி பதிந்ததும் இதே வழியில்தான்.

1985, 86-ல் ராய் மீண்டும் ஸ்டூடியோவுக்குப் போனார். 1986-ல் இன்னொன்றும் நடந்தது. இயக்குநர் டேவிட் லிஞ்ச் தனது 'புளூ வெல்வெட்' படத்தில் 'இன் ட்ரீம்ஸ்' பாடலை ஒரு பயங்கரமான காட்சிக்குப் பயன்படுத்தினார். ராய்க்கு முதலில் அது அதிர்ச்சி. ஆனால் புதிய தலைமுறை அந்தக் குரலைத் தேட ஆரம்பித்தது. 1987-ல் அந்தப் பாட்டை மறுபடி பதிந்தபோது லிஞ்ச்சும் கூடவே இருந்தார். அதே ஆண்டு வர்ஜின் கம்பெனி இரட்டை ஆல்பத்தை வெளியிட்டது.

அந்தப் பட்டியலைப் பாருங்க. முதல் ஹிட் 'ஊபி டூபி' இருக்கிறது. 'கிளாடெட்' இருக்கிறது. 'ஓ, பிரிட்டி வுமன்' இருக்கிறது. இருபதுகளில் மனைவிக்காக எழுதிய பாட்டை, அவர் இறந்து சுமார் 20 ஆண்டு கழித்து, இதய நோயாளியான மனுஷன் மறுபடியும் பாடுகிறார். உச்ச ஸ்வரங்கள் அப்போதும் அவருக்கு எட்டின.

கடைசி இரண்டு ஆண்டுகள்

1987-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது. செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த கச்சேரியில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், எல்விஸ் காஸ்டெல்லோ, டாம் வெய்ட்ஸ் போன்ற நட்சத்திரங்கள் அவருக்குப் பின்னால் நின்று வாசித்தார்கள். 1988-ல் ஜார்ஜ் ஹாரிசன், பாப் டிலன், டாம் பெட்டி, ஜெஃப் லின்னோடு சேர்ந்து டிராவலிங் வில்பரீஸ் குழு. ஆல்பம் வந்தது அக்டோபரில். டிசம்பர் 6-ல் மாரடைப்பால் ராய் இறந்தார். வயது 52.

அவர் முடித்து வைத்திருந்த 'மிஸ்டரி கேர்ள்' 1989-ல் வெளியாகி, அமெரிக்காவில் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தது. அதைக் கேட்க அவர் இல்லை. 1990-ல் 'பிரிட்டி வுமன்' படம் அந்தப் பாட்டை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

இன்று மொபைலில் கேட்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. ஆப்பில் ஒரே பாட்டுக்குப் பல பதிவுகள் வரும். 1960-களில் வந்தது இளைஞரின் குரல். 1987 ஆல்பத்தில் இருப்பது எல்லாவற்றையும் இழந்து மீண்ட மனிதரின் குரல். முதலில் 1963-ல் வந்த 'இன் ட்ரீம்ஸ்', பிறகு 1987-ல் வந்தது. இந்த வரிசையில் கேட்டுப் பாருங்க, வித்தியாசம் தெரியும்.