இந்தியாவுக்கு முதல் 'நெட்வொர்க்' போட்ட டாக்டர்: யார் இந்த ஓஷானஸி?

பள்ளிபாளையத்தில் ஒரு விசைத்தறிக்காரர் துணி மாதிரியை போட்டோ எடுத்து, காவிரிக்கு அக்கரையில் உள்ள ஈரோட்டு வியாபாரிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். பாலத்தைத் தாண்டினால் ஈரோடுதான். ஆனாலும் போட்டோ போகாமல் சுத்திக்கிட்டே இருக்கு. ஏன்?

தூரம் காரணமில்லை. போட்டோ சின்னச் சின்ன பாக்கெட்டுகளாகப் பிரிந்து, பல ரவுட்டர்கள் வழியாகப் போகிறது. நெரிசல் இருக்கும் இடத்தில் வரிசையில் நிற்கிறது. இதே சிக்கலை 170 வருஷத்துக்கு முன்பே சந்தித்தது இந்தியத் தந்தி.

டாக்டருக்கு கம்பியில் என்ன வேலை?

வில்லியம் புரூக் ஓஷானஸி 1809-ல் அயர்லாந்தில் பிறந்தவர். காலராவில் உடல் இழக்கும் நீரையும் உப்பையும் ரத்தத்தில் திரும்ப ஏற்றலாம் என்று 1830-களின் தொடக்கத்திலேயே யோசனை சொன்னவர். இன்றைய 'டிரிப்ஸ்' சிகிச்சைக்கு அதுவும் ஒரு தொடக்கம்.

1833-ல் கல்கத்தா வந்தார். 1839-ல் அங்கே சோதனையாகத் தந்திக் கம்பி இழுத்துக் காட்டினார். அரசு கண்டுகொள்ளவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் ஓடிப்போச்சு.

டல்ஹௌசி கவர்னர் ஜெனரலாக வந்த பிறகே வழி பிறந்தது. 1851-ல் கல்கத்தா - டயமண்ட் ஹார்பர் பாதை வேலை செய்தது. கூடவே உழைத்தவர் சிவசந்திர நந்தி என்ற இந்தியர். குரங்கும் பறவையும் உட்கார்ந்தாலும் அறுந்துவிடாதபடி, மெல்லிய கம்பிக்குப் பதில் தடித்த இரும்புக் கம்பியைப் போட்டார் ஓஷானஸி.

1855-ல் பொதுமக்களும் தந்தி அனுப்பலாம் என்றானது. 1856-க்குள் சுமார் 4,000 மைல் கம்பி. மெட்ராஸும் இணைந்துவிட்டது.

தாமதம் எங்கே?

கம்பியில் மின்சாரம் நொடியில் ஓடிவிடும். ஆனால் வழியில் உள்ள ஆபீஸில் ஊழியர் செய்தியை எழுதி எடுத்து, அடுத்த ஊருக்கு மறுபடி அடிக்கணும். முன்னால் பத்து தந்தி இருந்தால் பதினொன்றாவது காத்திருக்கணும். ரவுட்டர் செய்வதும் இதேதான்: வாங்கு, வரிசையில் வை, அனுப்பு.

'புரோட்டோகால்' மாறிய கதை

முதலில் தானே வடிவமைத்த கருவியைத்தான் ஓஷானஸி பயன்படுத்தினார். பிறகு தன் கருவியை ஒதுக்கிவிட்டு, மோர்ஸ் முறைக்கு மாறினார். இரண்டு முனையும் ஒரே விதியைப் பின்பற்றினால்தான் செய்தி புரியும். அந்த விதிதான் புரோட்டோகால். இன்று டிசிபி என்ற விதிப்படி, பாக்கெட் வந்ததும் பெறும் பக்கம் ஒப்புதல் அனுப்பும். ஒப்புதல் வராவிட்டால் அதே பாக்கெட் மறுபடி போகும்.

மறுபக்கம்

1857 கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேயருக்குப் பெரிதும் உதவியது இந்தத் தந்திதான். கிளர்ச்சியாளர்கள் கம்பிகளை அறுத்ததும் அதனால்தான்.

1889-ல் ஓஷானஸி இங்கிலாந்தில் இறந்தார். இந்தியாவில் தந்தி சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. வரிசை மட்டும் இன்னும் இருக்கிறது, ரவுட்டருக்குள்.