கோவை தந்த ரேஸ் கார் சிற்பி கரிவர்தன்

நம் ஆட்டோமொபைல் வகுப்புப் பசங்க நாலு பேர் கூடினால், பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் ரீமேப்பில் வந்து நிற்கும். டர்போ வைத்த ஸ்போர்ட்ஸ் காரின் ஈ.சி.யு.வில் லேப்டாப்பைச் செருகி, கம்பெனி எழுதிய கணக்கை மாற்றி எழுதி, குதிரைத்திறனை ஏற்றுகிற வித்தை அது. கேட்கக் கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் கூடவே ஒரு கேள்வியும் எழுகிறது. அந்தக் கார் பல லட்சம். அண்ணாமலை நகரில் டிப்ளமோ படிக்கிற நமக்கு அது வெறும் வேடிக்கைதானா? இல்லை, நம் கைக்கும் அந்த வித்தை வருமா?

இந்தக் கேள்விக்கு விடை தேடப் போனபோது நான் தெரிந்துகொண்ட மனிதர்தான் எஸ். கரிவர்தன். கோவையில் அவரைக் கரி என்றுதான் சொல்வார்கள். லேப்டாப்பும் ஈ.சி.யு.வும் இல்லாத காலத்தில் என்ஜினோடு மல்லுக்கட்டியவர். அவர் வாழ்க்கையை நம் மலரில் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

கரிவர்தன் 1954ஆம் ஆண்டு பிறந்தார். 1910இல் தொடங்கிய லட்சுமி மில்ஸின் குடும்பம் அவருடையது. பணத்துக்குக் குறைவில்லாத வீடு. ஆனால் கோவையில் பிறந்ததையே அதைவிடப் பெரிய சொத்தாக நான் நினைக்கிறேன். பஞ்சாலைகளோடு சேர்ந்து பவுண்டரியும் லேத் பட்டறையும் பம்ப்செட் தொழிலும் வளர்ந்த ஊர் அது. ஜி.டி. நாயுடு 1937இல் மின் மோட்டார் தயாரித்த ஊர். ஒரு சாமான் வேண்டுமென்றால் கடையில் தேடுவதற்கு முன்னால், நாமே செய்து பார்த்தால் என்ன என்று யோசிக்கிற குணம் அந்த மண்ணுக்கே உண்டு.

அந்தக் காலத்தில் தென்னாட்டில் கார் ரேஸ் என்றால் சோழவரம்தான். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்தியது. ரேஸுக்கென்றே செய்த கார் நம் நாட்டில் கிடையாது. அம்பாசிடர், பியட், சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இவற்றைத்தான் பிரித்து, சீவி, இளைக்க வைத்து ஓட்டினார்கள். வசதி உள்ளவர்கள் வெளிநாட்டிலிருந்து ரேஸ் காரை வரவழைத்தார்கள். 1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா என்சைன் என்ற பார்முலா ஒன் காரையே அங்கு கொண்டுவந்து ஓட்டினார். அந்தப் பெரிய கார்களோடு சரிக்குச் சரி மோதியவர்களில் கரியும் ஒருவர். அவரும் வெளிநாட்டு ஒற்றை இருக்கைக் காரை ஓட்டியவர்தான். சோழவரத்துக் கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கத்திய காலம் அது.

அன்றைக்கு ட்யூனிங் என்றால் என்ன வேலை என்பதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அப்போதுதான் கரி செய்த காரியத்தின் எடை புரியும். கார்புரேட்டரில் ஜெட்டை மாற்றினால் பெட்ரோல் கூடும், குறையும். டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பினால் டைமிங் ஏறும், இறங்கும். ஹெட்டை பேசிங் செய்தால் கம்ப்ரஷன் கூடும். போர்ட்டைத் தேய்த்துப் பாலிஷ் போட்டால் காற்று தடையில்லாமல் போகும். வேலை சரியா தப்பா என்று சொல்ல ஸ்கிரீன் கிடையாது. பிளக்கைக் கழற்றிப் பார்க்கணும். காபிக் கலரில் இருந்தால் சரி. வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை. கறுப்புக் கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம்.

இதில் எவ்வளவு நுணுக்கம் என்பதற்கு நம் தியரி வகுப்புக் கணக்கு ஒன்றையே போட்டுப் பார்ப்போம். மாருதி 800 என்ஜின் மூன்று சிலிண்டர், 796 சிசி. போர் 68.5 மி.மீ., ஸ்ட்ரோக் 72 மி.மீ. ஒரு சிலிண்டருக்கு 265 சிசி வருகிறது. கம்ப்ரஷன் ரேஷியோ 8.7 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் மேலே வரும்போது மிச்சம் இருக்கும் இடம் சுமார் 34.5 சிசி. அதே ரேஷியோவை 9.7 ஆக்க வேண்டுமானால் அந்த இடம் 30.5 சிசி ஆகணும். வித்தியாசம் வெறும் 4 சிசி. ஒரு டீஸ்பூன்கூட இல்லை. ஹெட்டில் சுமார் ஒரு மில்லிமீட்டர் சீவினால் அது வந்துவிடும். அந்த ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆசைப்பட்டால், அந்தக் காலத்து 87 ஆக்டேன் பெட்ரோல் தாங்காது. என்ஜின் தட்ட ஆரம்பிக்கும். ஸ்பார்க் பற்றவைத்த தீ போய்ச் சேருவதற்கு முன்பே ஓரத்தில் இருக்கிற கலவை தானாக வெடித்து, பிஸ்டன் மண்டையைத் தின்றுவிடும். ஆக, பவரைக் கூட்டுவது ட்யூனிங்கில் பாதி வேலைதான். எங்கே கையை எடுக்கணும் என்று தெரிவது மீதிப் பாதி.

இந்தப் பழக்கமெல்லாம் கைவந்தவர், விரும்பியிருந்தால் இன்னும் பெரிய வெளிநாட்டுக் கார், இன்னும் பெரிய என்ஜின் என்று போய்க்கொண்டே இருந்திருக்கலாம். உலகமே அந்தத் திசையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. 1977இல் ரெனோ கம்பெனி பார்முலா ஒன்னுக்கு டர்போவைக் கொண்டுவந்தது. 1988இல் 1.5 லிட்டர் ஹோண்டா டர்போ பூட்டிய மெக்லாரன் கார்கள் 16 பந்தயங்களில் 15ஐ ஜெயித்தன. அத்தோடு அந்த டர்போக்களுக்குத் தடை வந்தது.

அதே 1980களின் பிற்பாதியில் கோவையில் கரி வேறொரு பக்கம் திரும்பினார். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 அதற்குள் ஊரெல்லாம் ஓட ஆரம்பித்திருந்தது. அதன் ஸ்பேர் எந்தக் கடையிலும் கிடைக்கும், அதைப் பிரிக்கத் தெரிந்த மெக்கானிக் எந்த ஊரிலும் இருப்பார். கரி அந்த என்ஜினை எடுத்து, சக்கரங்கள் வெளியே தெரிகிற ஒற்றை இருக்கை ரேஸ் காரை வடிவமைத்தார். அதுதான் பார்முலா மாருதி.

ரோட்டில் ஓடும்போது 40 குதிரைத்திறனைக்கூட எட்டாத என்ஜின் அது. சிரிக்கத் தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள் நண்பர்களே. எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கார், ஒரே மாதிரி என்ஜின். பந்தயத்தில் ஜெயிப்பவன் அப்பாவின் பணத்தால் ஜெயித்தான் என்று யாரும் சொல்ல முடியாது. ஓட்டுகிறவன் கை, காரைத் தயார் செய்கிற மெக்கானிக் கை, இரண்டும்தான் பேசும். பவர் குறைந்த காரில் ஒரு வளைவில் வேகத்தை விட்டுவிட்டால், அடுத்த நேர்பாதையில் அதைத் திரும்பப் பிடிக்க முடியாது. அதனால் ஓட்டுகிறவன் சரியாக ஓட்டக் கற்றே ஆகணும். பெரிய வீட்டில் பிறந்த ஒருவர், பெரிய வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே ஆடிய ஆட்டத்தின் வாசலை அகலமாக்கினார். கரியின் வாழ்க்கையில் நான் பெரிதாக மதிப்பது இதைத்தான். எங்கள் வீட்டில் கார் கிடையாது, பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால்தானோ என்னவோ, அவர் ஜெயித்த பந்தயங்களைவிட அவர் செய்த இந்தச் சின்னக் கார் என் மனதில் நிற்கிறது.

1990இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸுக்கென்றே போட்ட டிராக் பயன்பாட்டுக்கு வந்தது. பார்முலா மாருதி அங்கே ஓடியது. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தில் ஓட்டியது இந்தக் காரைத்தான். அந்த முதல் பந்தயத்திலேயே முதல் மூன்று இடங்களுக்குள் வந்தார். அதே நரேன் 2005இல் ஜோர்டான் அணியில் சேர்ந்து, பார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அந்த வருடம் அமெரிக்கப் பந்தயத்தில் நான்காம் இடம் பிடித்துப் புள்ளியும் எடுத்தார். 40 குதிரைத்திறன் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கற்றவர், அத்தனை உயரம் போனார்.

அதைப் பார்க்கக் கரி இல்லை. 1995 ஆகஸ்டில் ஒரு சிறு விமான விபத்தில் அவர் காலமானார். வயது 41தான். வேகத்தை நேசித்தவரை வேகமே கொண்டுபோனது என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் அது உண்மையான இழப்பை மறைத்துவிடும். இன்னும் இருபது, முப்பது வருடம் காரைக் கட்டிக்கொண்டே இருந்திருக்க வேண்டிய கை அது. அந்தக் கை செய்யாமல் விட்ட கார்களை யாரும் எண்ணிச் சொல்ல முடியாது.

அவர் பெயர் மட்டும் நின்றது. கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் 2003இல் திறந்த ரேஸ் டிராக்குக்குக் கரி மோட்டார் ஸ்பீடுவே என்று பெயர் வைத்தார்கள். சுமார் 2 கிலோமீட்டர் நீளமுள்ள டிராக். சென்னையை அடுத்து, தமிழ்நாட்டில் ரேஸ் என்றால் கோவை என்று சொல்கிற அளவுக்கு அது வளர்ந்திருக்கிறது.

இப்போது நாம் தொடங்கிய ரீமேப்புக்கு வருவோம். கரி காலத்து ஜெட்டும் டிஸ்ட்ரிபியூட்டரும் இன்றைக்கு ஈ.சி.யு.வுக்குள் எண்களாக உட்கார்ந்திருக்கின்றன. எந்த ஆர்.பி.எம்.மில், எவ்வளவு லோடில், எத்தனை மில்லி செகண்ட் பெட்ரோல் தெளிக்கணும், எத்தனை டிகிரி முன்னால் ஸ்பார்க் விடணும் என்று கட்டம் கட்டமாக அட்டவணை இருக்கும். அதற்குத்தான் மேப் என்று பெயர். டர்போ காரில் கூடவே பூஸ்ட் அளவும் அதே மென்பொருள் கையில். டர்போ 1 பார் பூஸ்ட் கொடுத்தால், வெளிக்காற்றைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அழுத்தத்தில் காற்று உள்ளே போகிறது. அதனால்தான் டர்போ காரில் எண்ணை மாற்றினால் பவர் சட்டென்று ஏறுகிறது. டர்போ இல்லாத என்ஜினில் அதே வேலைக்குப் பலன் கொஞ்சம்தான்.

ஆனால் எண் மாறினாலும் இரும்பு மாறவில்லை. பூஸ்ட்டை ஏற்றினால் சூடு ஏறும், கிளட்ச் வழுக்கும், என்ஜின் தட்டும். நாக் சென்சார் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் சீவாதே என்ற பழைய பாடம் அப்படியே இருக்கிறது. சட்டமும் சும்மா இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ரோட்டு வண்டியில் விளையாடக் கூடாது. விளையாட இடம் டிராக்தான்.

அந்த டிராக்கில் நம் வயசுப் பசங்களுக்கும் இடம் இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்த நல்ல சேதி. பார்முலா பாரத் என்ற போட்டி கரி மோட்டார் ஸ்பீடுவேயில் நடக்கிறது. பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய ஒற்றை இருக்கைக் கார்களோடு அங்கே வருகிறார்கள். பெட்ரோல் என்ஜின் கார் என்றால், காற்று போகிற வழியை 20 மி.மீ. துளைக்குள் அடக்கணும் என்பது விதி. பல அணிகள் கே.டி.எம். 390 பைக் என்ஜினைப் பூட்டி, அந்தச் சின்னத் துளைக்கு ஏற்ற மேப்பைத் தாங்களே எழுதுகிறார்கள். கிடைக்கிற என்ஜின், எல்லோருக்கும் ஒரே எல்லை, அதற்குள் யார் கை சுத்தம் என்பதே போட்டி. கரி பார்முலா மாருதியில் போட்டுக் கொடுத்த பாதை அதேதான்.

எனவே நண்பர்களே, பல லட்சம் ரூபாய் டர்போ கார் நம் ஷெட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும் பழைய மூன்று சிலிண்டர் என்ஜினின் ஹெட்டைக் கழற்றி, ப்யூரெட்டில் எண்ணெய் ஊற்றி, அந்த 34.5 சிசியை அளந்து பார்ப்போம். அந்த எண் கைக்கு வந்துவிட்டால், ஈ.சி.யு.வில் தெரிகிற எண்ணும் நமக்குப் புரிய ஆரம்பிக்கும்.