படிப்பை முடிக்காத ஒரு அப்ரண்டிஸ்



ரோல்ஸ் ராய்ஸ் என்றதும் நமக்கெல்லாம் மகாராஜாக்கள் ஏறிப்போன கார்தான் ஞாபகத்துக்கு வரும். எனக்கும் அப்படித்தான். தெர்மல் பாடத்துக்கு நோட்ஸ் எடுக்க லைப்ரரியில் ஒரு பழைய புத்தகத்தைப் புரட்டும்போதுதான், அந்தப் பெயரில் இரண்டாவதாக நிற்கும் ராய்ஸ் யார் என்று தெரிந்தது. முதலில் நிற்கும் ரோல்ஸ், பிரபு ஒருவரின் மகன். கேம்பிரிட்ஜில் படித்தவர். ராய்ஸ் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தது மொத்தமே ஒரு வருஷம்தான் என்பார்கள். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். ஆகவே ரோல்ஸ் ரசிகர்கள் மன்னிக்கவும், நான் ராய்ஸ் கட்சி.

ஹென்றி ராய்ஸ் 1863 மார்ச் 27 அன்று இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகரத்துக்குப் பக்கத்தில் ஆல்வால்டன் என்ற கிராமத்தில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா மாவு மில் நடத்தி நொடித்துப்போனார். குடும்பம் பிழைப்புக்கு லண்டன் வந்தது. ராய்ஸுக்கு ஒன்பது வயசில் அப்பாவும் போய்விட்டார். பையன் தெருவில் பேப்பர் விற்றான், தந்தி கொண்டுபோய்க் கொடுத்தான். அப்புறம் உறவில் ஒரு அம்மாள் (அத்தையோ சித்தியோ, இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்!) வருஷத்துக்கு 20 பவுண்டு கட்டி, பீட்டர்பரோ ரயில்வே பட்டறையில் அப்ரண்டிஸாகச் சேர்த்துவிட்டார். மூன்று வருஷம் ஓடியது. அந்த அம்மாளிடம் பணம் தீர்ந்தது. அப்ரண்டிஸும் அதோடு நின்றுபோனது.

அந்தப் பக்கத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். காரணம் இருக்கிறது. நாலாவது செமஸ்டர் சமயத்தில் எங்கள் ஊர்ப்பக்கம் பாவு வராமல் விசைத்தறி எல்லாம் நின்னுபோச்சு. என் ஃபீஸைக் கட்டுவது தறி ஓட்டும் என் அண்ணன்தான். இரண்டு மாசம் அவர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். டி.சி. வாங்குவதற்கு லெட்டர்கூட எழுதி பாக்கெட்டில் வைத்திருந்தேன். கடைசி நாள் சாயங்காலம் எங்கேயோ கைமாத்து வாங்கி, ஃபைனோடு கொண்டுவந்து கட்டினார். ராய்ஸுக்கு அப்படிக் கட்ட ஆள் இல்லை. சர்ட்டிபிகேட் இல்லாமலே வெளியே வந்தார்.

லீட்ஸ் நகரில் ஒரு டூல் கம்பெனி, பிறகு லண்டனில் மின்விளக்கு கம்பெனி, அப்புறம் லிவர்பூலில் தெருவிளக்கு வேலை என்று சுற்றினார். 1884-இல் மான்செஸ்டரில் கிளேர்மான்ட் என்ற நண்பரோடு சேர்ந்து சின்னதாக ஒரு பட்டறை போட்டார். ராய்ஸ் பங்கு 20 பவுண்டு, நண்பர் பங்கு 50. முதலில் காலிங் பெல் மாதிரி சில்லறைச் சாமான்கள். போகப்போக டைனமோ, எலெக்ட்ரிக் கிரேன். ராத்திரி பகல் பார்க்காமல், சாப்பாட்டை மறந்து வேலை செய்து 1902 வாக்கில் உடம்பு படுத்துவிட்டது. இதைச் சிலர் மேடையில் பெருமையாகச் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். என் அண்ணனும் அப்படி நைட் ஷிப்ட் பார்த்துத்தான் அல்சர் வாங்கினார்.

உடம்பு தேறிய பிறகு ராய்ஸ் டெகாவில் என்ற பிரெஞ்சு கார் ஒன்றைப் பழசாக வாங்கினார். எனக்குப் பிடித்த இடம் இதுதான். அவர் புதுசாக எதையும் கண்டுபிடிக்கக் கிளம்பவில்லை. அந்தக் காரைப் பிரித்துப் போட்டார். இக்னிஷன் ஏன் தடுமாறுகிறது, கார்புரேட்டர் ஏன் சரியாக ஊட்டவில்லை, கியர் ஏன் கத்துகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒவ்வொன்றையும் கொஞ்சம் நன்றாகச் செய்தார். முதல் வருஷம் ஃபிட்டிங் ஷாப்பில் எம்.எஸ். பிளாட்டை ராவி, ட்ரை ஸ்கொயர் வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்போமே, கோடு மாதிரி வெளிச்சம் தெரிந்தால் திரும்ப ராவச் சொல்வார்களே, அந்த வேலைதான்! நாம் மார்க்குக்காக ஒரு பீஸ் ராவினோம். அவர் ஒரு காரையே அப்படி ராவினார். 1904 ஏப்ரலில் அவருடைய இரண்டு சிலிண்டர் கார் ஓடியது. மற்ற கார்கள் போட்ட சத்தம் அதில் இல்லை.

அடுத்த மாசம், மே 4-ஆம் தேதி, மான்செஸ்டர் மிட்லண்ட் ஹோட்டலில் ரோல்ஸ் அவரைச் சந்தித்தார். ரோல்ஸ் லண்டனில் வெளிநாட்டுக் கார்கள் விற்றுக்கொண்டிருந்தவர். ராய்ஸ் செய்வதை எல்லாம் தானே விற்பதாக ஒப்புக்கொண்டார். 1906-இல் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி பிறந்தது. சில்வர் கோஸ்ட் காரின் புகழை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1910 ஜூலை 12 அன்று ரோல்ஸ், தான் ஓட்டிய விமானம் உடைந்து விழுந்து 32 வயசில் இறந்தார். கொஞ்ச நாளில் ராய்ஸுக்கும் பெரிய நோவு, ஆபரேஷன். அதன்பிறகு அவர் டெர்பி ஃபாக்டரியில் இருக்கவே இல்லை. குளிர்காலத்தில் பிரான்ஸின் தெற்குக் கரை, மற்ற நாளில் இங்கிலாந்தின் கடலோர கிராமம். டிராயிங் போட்டு அனுப்புவார், டெர்பியில் செய்வார்கள்.

1914-இல் யுத்தம் வந்தது. அரசாங்கம் விமான இன்ஜின் கேட்டது. ராய்ஸ் சொந்தமாக ஒன்று வரைந்தார். அதுதான் ஈகிள். 12 சிலிண்டர், வி வடிவம். சிலிண்டர் ஒவ்வொன்றும் தனித்தனி ஸ்டீல், மேலே தண்ணீர் ஓடும் உறை வெல்டிங் செய்தது. ஜெர்மன் மெர்சிடிஸ் வழி அது. நல்லது எங்கே இருந்தாலும் எடுத்துக்கொள்வதில் அவருக்கு வெட்கம் இல்லை. 1915-இல் 225 குதிரைத்திறன் கொடுத்த அந்த இன்ஜின், யுத்தம் முடியும்போது 360 கொடுத்தது. ரகசியம் ஒன்றுமில்லை. உடையும் வரை ஓட்டுவது, உடைந்த பாகத்தை மட்டும் பலப்படுத்துவது, திரும்ப ஓட்டுவது. 1919 ஜூனில் ஆல்காக்கும் பிரௌனும் எங்கும் இறங்காமல் அட்லாண்டிக்கைத் தாண்டினார்களே, அந்த விக்கர்ஸ் விமானத்தில் இருந்தவை இரண்டு ஈகிள் இன்ஜின்கள். சுமார் 16 மணி நேரம், கீழே முழுக்க கடல்!

பிறகு ஷ்னைடர் கோப்பைப் பந்தயம். அதற்கான ஆர் இன்ஜினை வெஸ்ட் விட்டரிங் கடற்கரையில் நடந்துகொண்டே கைத்தடியால் மணலில் வரைந்து காட்டினார் என்று ஒரு கதை சொல்வார்கள். 1929-இல் 1900 குதிரைத்திறன். 1931-இல் அதே அளவு சிலிண்டரில் 2350! அவ்வளவு சூட்டில் எக்ஸாஸ்ட் வால்வு கருகிவிடும் அல்லவா? வால்வுத் தண்டைக் குடைந்து உள்ளே சோடியம் வைத்தார்கள். அது உருகி மேலும் கீழும் குலுங்கும்போது தலையில் உள்ள சூட்டைத் தண்டுக்கு இறக்கிவிடும். (தெர்மல் பரீட்சையில் கேட்டால் எழுதுங்கள்!) முழு வேகத்தில் ஒரு மணி நேரம் உடையாமல் ஓட வேண்டும் என்பது அவர்கள் தங்களுக்கே வைத்துக்கொண்ட டெஸ்ட். அந்த வருஷம் செப்டம்பரில் அந்த இன்ஜின் வைத்த சூப்பர்மெரின் விமானம் மணிக்கு 655 கிலோமீட்டர் போய் உலக சாதனை செய்தது.

1930-இல் அரசர் அவருக்கு சர் பட்டம் கொடுத்திருந்தார். அவர் என்னவோ தன்னை மெக்கானிக் என்றுதான் சொல்லிக்கொள்வார். கடைசியாக அவர் தொடங்கிய வேலை 27 லிட்டர் இன்ஜின் ஒன்று. அரசாங்க ஆர்டர் இல்லாமல் கம்பெனி சொந்தக் காசில் செய்தது. 1933 ஏப்ரல் 22 அன்று ராய்ஸ் காலமானார். அந்த இன்ஜின் முதன்முதலில் ஓடியது அக்டோபர் 15-ஆம் தேதி. அவர் அதன் சத்தத்தைக் கேட்கவில்லை. அதற்கு மெர்லின் என்று ஒரு வல்லூறுச் சாதியின் பெயரை வைத்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன், லங்காஸ்டர் எல்லாம் பறந்தது அதில்தான். சுமார் ஒன்றரை லட்சம் செய்தார்கள்.

கம்பெனி அதோடும் நிற்கவில்லை. 1950-களில் ப்ளூ ஸ்ட்ரீக் என்ற பிரிட்டிஷ் ராக்கெட்டுக்கு இன்ஜின் வேண்டும் என்றபோது, ராக்கெட்டைடைன் என்ற அமெரிக்க கம்பெனியின் டிசைனை லைசென்ஸில் வாங்கினார்கள். அதை வைத்துத் தங்கள் கைப்பட ஆர்.இசட்.2 என்ற இன்ஜினைச் செய்தார்கள். மான்செஸ்டர் பட்டறையில் பிரித்துப் போட்ட பழைய டெகாவில் கார்தான் எனக்கு ஞாபகம் வந்தது. எரிபொருள் மண்ணெண்ணெய், ஒரு காலத்தில் நம் வீட்டு ஸ்டவ்வில் எரிந்ததன் சுத்தமான வகை. கூடவே திரவ ஆக்ஸிஜன். 1964 ஜூன் 5 அன்று ஆஸ்திரேலியாவின் வூமேரா பாலைவனத்தில் அப்படி இரண்டு இன்ஜின்கள் சேர்ந்து ப்ளூ ஸ்ட்ரீக்கை மேலே தூக்கின.

— இறுதியாண்டு மாணவன், மெக்கானிக்கல் பிரிவு